பிரசவ லீவும் தகப்பனின் ஏழு நாளும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், சிப்பந்திகள் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினால் மண்டபம் நிரம்பிவிடுகிறது. பிரசவ லீவைப் பற்றி என்றால், "அது பொம்பளைகள் சமாசாரம்" என்று சில தோழர்கள் வாசலுக்கு வெளியே நின்று வெற்றிலை போடுகிறார்கள். அவர்களைத்தான் இன்று முன்வரிசைக்கு அழைக்கிறேன். 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியிலிருந்து அது ஆண்பிள்ளைகளின் சமாசாரமும் ஆகிவிட்டது. அன்று அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி, 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் நெடுங்காலமாக 60 நாளாக இருந்த தாயின் பிரசவ லீவு 98 நாளாயிற்று. தனியார் முதலாளியிடம் வேலை செய்யும் தகப்பனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லாமலிருந்தது. அங்கே சம்பளத்துடன் ஏழு நாள் எழுதப்பட்டது.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதைச் சற்றுப் பார்க்கவேண்டும். 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தபோது தாய்க்கு 90 நாள், தகப்பனுக்கு மூன்று நாள் என்றுதான் அதில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சில், எம். சரவணன் மனிதவள அமைச்சராக இருந்த சமயம், அது 98 என்றும் ஏழு என்றும் மாற்றப்பட்டு நிறைவேறியது. முதலில் செப்டம்பரில் அமுல் என்றார்கள். பிறகு அடுத்த ஜனவரிக்குத் தள்ளினார்கள். 98 என்பது யாரோ மனம்போனபடி எழுதிய எண்ணல்ல. பதினான்கு வாரத்தை ஏழால் பெருக்குங்கள், 98 வரும். அனைத்துலகத் தொழில் ஸ்தாபனம் 2000-ஆம் ஆண்டில் செய்த உடன்படிக்கையில் தாய்மாருக்குக் குறைந்தது பதினான்கு வாரம் என்று சொல்லியிருக்கிறது. அதே ஸ்தாபனம் 1919-லேயே முதல் பிரசவப் பாதுகாப்பு உடன்படிக்கையைச் செய்து பன்னிரண்டு வாரம் என்றது. ஆனால் அது ஆலைகளுக்கும் வியாபார நிலையங்களுக்கும்தான். மண்ணில் பாடுபடுகிற பெண் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் விவசாய வேலைக்காரியும் பெண்தான், அவளும் பிள்ளை பெறுகிறவள்தான் என்பது உலகத்துக்கு நினைவு வந்தது. முப்பத்துமூன்று வருஷம்!

நம் மண்ணிலும் இது இன்றைக்கு முளைத்த கேள்வியல்ல. 1941-ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு இருந்தது. நல்ல வைத்திய வசதி வேண்டும் என்பது இருந்தது. பெண்கள் மீது கைவைக்கக்கூடாது என்பது இருந்தது. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. கிராணி என்ற சொல் அந்தப் பட்டியலில் எந்தப் பக்கம் இருந்தது என்பதை நானும் என் சிப்பந்தி நண்பர்களும் அறிவோம். இன்றைக்குக் கிராணியும் வெட்டுக்காரரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே சட்டத்தைப் படிக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் லீவைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது தானாக லயத்து வாசலுக்கு நடந்து வராது. நோட்டீஸ் கொடுத்தவருக்குத்தான் வரும். நமது ஜனங்கள் நஷ்டப்படுவது சட்டம் இல்லாததால் அல்ல, இந்த இடத்தில்தான்.

தாயின் விஷயத்தை முதலில் சொல்கிறேன். பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்தில் ஒரு நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்கவேண்டும். முந்திய ஒன்பது மாதத்தில் சேர்ந்தாற்போலவோ விட்டுவிட்டோ 90 நாளாவது அவரிடம் வேலையில் இருந்திருக்கவேண்டும். அப்படியிருந்தால் 98 நாளுக்கும் அலவன்ஸ் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்திய 60 நாளுக்குள், "இன்ன தேதியில் பிரசவம் எதிர்பார்க்கிறேன், இன்ன தேதியிலிருந்து லீவில் போகிறேன்" என்று முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் போய்விட்டால், தெரிவிக்கும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நிறுத்திவைக்கலாம் என்பதுதான் வாசகம், அடித்துவிடலாம் என்பதல்ல. வேலையை விட்டே போகிற பெண் இதைவிட உஷாராக இருக்கவேண்டும். நான்கு மாதத்துக்குள் பிரசவம் ஆகும் என்று தெரிந்தும் சொல்லாமல் விலகிப்போனால், அந்த முதலாளியிடமிருந்து அலவன்ஸ் கேட்கும் உரிமையே போய்விடுகிறது.

லீவு பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னதாகத் தொடங்கக்கூடாது. பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டியும் தொடங்கக்கூடாது. இடையில் எந்தத் தேதி என்பது அந்த அம்மாளின் இஷ்டம். "வயிறு பெரிதாகிவிட்டது, நாளையிலிருந்து பெரட்டுக்கு வராதே" என்று மண்டோர் தன் கண்ணளவை வைத்துக்கொண்டு சொல்லமுடியாது. வேலை செய்ய இயலாத நிலை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான், அதுவும் குறித்த தேதிக்கு முந்திய பதினான்கு நாளுக்குள்தான், லீவைத் தொடங்கச் சொல்லி முதலாளி கேட்கலாம். அதேபோல, 98 நாளுக்கு முன்பே வேலைக்குத் திரும்ப விரும்பினால், உடல்நலம் சரி என்று டாக்டர் பத்திரமும் முதலாளியின் சம்மதமும் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அழைப்பது சம்மதம் ஆகாது.

ஒரு துக்கமான ஷரத்தையும் சொல்லவேண்டும். 22 வாரம் நிறைந்த பிறகு பிள்ளை உயிரோடு பிறந்தாலும் உயிரில்லாமல் பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பிரசவமே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் 98 நாள் உண்டு, அலவன்ஸும் உண்டு. பிள்ளைதான் இல்லையே, லீவு எதற்கு என்று நினைத்துக்கொண்டு சில நாளிலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிற பெண்ணைத் தடுக்கவேண்டியது பக்கத்து வீட்டாரின் கடமை.

ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருக்கையில் அடுத்த பிரசவத்துக்கு லீவு உண்டு, பணம் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறாவது பிள்ளையும் பாலுக்குத்தானே அழுகிறது!

பணத்தின் கணக்கைக் கிராணிமார் கவனமாகக் கேட்கவேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் குறையாமல் நடந்தால் போதும். நாட்கூலிக்கும் எடைக்கூலிக்கும் அப்படியல்ல. முந்திய சம்பளக் காலத்தில் அவர் சம்பாதித்த மொத்தத்தை, அவர் வேலை செய்த நாட்களால் வகுக்கவேண்டும். ஓய்வுநாள் வேலைக்கும் பொது விடுமுறை வேலைக்கும் வாங்கியது இதில் சேராது. அந்த நாட்களும் சேரா. வருகிற தொகை ஒருநாள் கூலி. அலவன்ஸ் அந்த லீவின் ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடக்கூடாது. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதை 26 நாளால் வகுத்தால் 65 வெள்ளி 38 சென். அந்த அளவை வைத்தே பார்த்தாலும் 98 நாளுக்கு 6,400 வெள்ளிக்கு மேல் போகிறது. தகப்பனின் ஏழு நாளுக்கு 457 வெள்ளி. மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு இழக்கக்கூடிய தொகையா இது?

பால்மரத்துக்கென்று ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் வற்றுகிற காலத்தில் எடை இறங்கும், கூலியும் இறங்கும். அதற்கு அடுத்த மாதம் பிரசவமானால் முந்திய மாதத்து ஒல்லிக் கூலிதான் 98 நாளுக்கும் அளவாகிவிடுகிறது. மரம் இலை உதிர்த்ததற்குத் தாய் தண்டம் கட்டவேண்டியிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் இருப்பதால் விழுகிற பள்ளம் முன்போல் ஆழமில்லை. ஆனாலும் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது இதற்கு ஒரு வருஷத்துச் சராசரியை வைக்கவேண்டும் என்று கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். சட்டத்தைவிடக் குறைவாக ஒப்பந்தம் செய்தால்தான் அது செல்லாது. கூடுதலாகச் செய்துகொள்ள எந்தத் தடையும் கிடையாது.

இனித் தகப்பன்மார். உங்களுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கல்யாணமானவராக இருக்கவேண்டும். அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை பார்த்திருக்கவேண்டும். மனைவி கர்ப்பமாக இருப்பதைக் குறித்த தேதிக்கு 30 நாளாவது முன்பு தெரிவிக்கவேண்டும். முடியாமற்போனால் பிள்ளை பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கவேண்டும். ஐந்து பிரசவம் வரையில் இது உண்டு. ஏழு நாளும் தொடர்ச்சியான நாட்கள். இன்றைக்கு இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று பிய்த்து எடுக்க முடியாது. மனைவி இந்த நாட்டில்தான் இருக்கவேண்டும் என்று அந்த ஷரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நம்மோடு நிரை பிடித்து வெட்டுகிற வங்காளதேசத்துத் தோழரும் தகப்பன்தான். அவருக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

கல்யாணம் என்ற நிபந்தனையில் நம்மவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, பந்தல் போட்டு, ஊரையே கூட்டிச் சாப்பாடு போட்டுவிட்டுப் பதிவுக் காரியாலயத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டு மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதார் கல்யாணங்களைப் பதிவு செய்தாகவேண்டும். பத்திரம் இல்லாவிட்டால் ஏழு நாள் லீவுக்கு மட்டுமா கேள்வி வருகிறது? பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கும் வருகிறது, பிறகு அடையாளக் கார்டுக்கும் வருகிறது. பிள்ளை பிறந்த வாரத்தில் தகப்பன் ஆஸ்பத்திரியிலும் பதிவு இலாகாவிலும் நிற்கவேண்டியவன். அந்த ஏழு நாளில் இரண்டு நாளையாவது காகித வேலைக்கு ஒதுக்குங்கள். அந்த நாளில் அலட்சியமாக விட்ட காகிதம் பதினெட்டு வயதில் பிள்ளையின் கழுத்தைப் பிடிப்பதை நாம் பல லயங்களில் பார்த்திருக்கிறோம்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு வெட்டுக்காரரின் மனைவிக்கு நடுச்சாமத்தில் வலி கண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குறித்த தேதிக்கு ஐந்து வாரம் முன்னதாகவே வந்துவிட்ட பிரசவம். அவர் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியனுப்பினார். பையன் பெரட்டில் மண்டோரிடம் சொன்னான். ஏழாம் நாள் கழித்து அவர் வந்து பார்த்தால் செக்ரோலில் ஏழு நாளும் ஆப்சென்ட். "ஐயா, சொல்லிவிட்டுத்தானே போனேன்?" என்று அவர் கிராணியிடம் கேட்கிறார். "என்னிடம் ஒன்றும் வரவில்லையே, அண்ணே" என்கிறார் கிராணி. மண்டோருக்கோ ஞாபகம் இல்லை. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏழு நாள் கூலி அந்தரத்தில் தொங்கியது. சங்கம் தலையிட்டு, கல்யாணப் பத்திரத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் காட்டி, பிறந்ததும் தெரிவித்தால் போதும் என்ற வாசகத்தைப் படித்துக் காட்டி, அந்தப் பணத்தை வாங்க இரண்டு மாதம் பிடித்தது. ஐந்தாம் மாதத்திலேயே ஒரு துண்டுக் காகிதம் கொடுத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் மிச்சம்.

லீவு எடுக்கத் தயங்குகிற வேறு சிலரிடம் காரணம் கேட்டேன். கூலிக்காக அல்ல, மரத்துக்காகப் பயப்படுகிறார்கள். நல்ல பால் கொடுக்கும் நிரையை ஏழு நாள் இன்னொருவர் வெட்டினால், திரும்பி வருகையில் அது அவருடையதாகிவிடுமோ என்ற பயம். அல்லது பட்டையை ஆழமாக வெட்டிக் காயப்படுத்திவிடுவாரோ என்ற கவலை. இது சட்டப் புத்தகத்தில் இல்லாத கவலை, வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும். சிப்பந்தி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பதிலாள் போடும்போது அவர் பெயருக்கு நேரே 'தற்காலிகம்' என்று தேதியுடன் எழுதுங்கள். அந்த ஒரு சொல் போதும்.

இதெல்லாம் தோட்டத்து எல்லைக்குள் நிற்கிற விஷயமென்று எண்ணவேண்டாம். புக்கிட் ராஜா, புக்கிட் ஜாலில் என்று நாம் தோட்டங்களாக அறிந்த பெயர்கள் இன்று வீடமைப்புப் பேட்டைகளின் பெயர்களாகிவிட்டன. அங்கே மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடியிருந்துகொண்டு நகரத்து வேலைகளுக்குப் போகிறார்கள். பிரிக்பீல்ட்ஸைத் தாண்டிப் பந்தாய் பக்கம் போனால் மலாயாப் பல்கலைக்கழகம். அந்தப் பெயரைக் கேட்டால் நம்மவர்களுக்கு 1966-ஆம் ஆண்டில் அங்கே கூடிய முதல் உலகத் தமிழ் மகாநாடு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருகிறவர்கள் வேறு. எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்தாலும் பேராசிரியர் வருவதற்கு முன் தரை துடைத்தாகவேண்டும், வாசலில் காவல் நின்றாகவேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரக் குமாஸ்தாவாக இருப்பவருக்கு அரசாங்க ஊழியர் விதிகளை ஒட்டித்தான் லீவு. தகப்பனுக்கு ஏழு நாள் என்பது அங்கே நம் சட்டத்துக்குப் பல வருஷம் முந்தியே வந்துவிட்டது. பிள்ளை வளர்ப்புக்காகச் சம்பளமில்லாமல் ஐந்தாண்டு வரை லீவு கோரும் வசதியும் 2007-ஆம் ஆண்டில் அரசாங்கப் பெண் ஊழியருக்கு அளிக்கப்பட்டது. அவர் பாரத்தை நிரப்பி மேலதிகாரியின் கையெழுத்துடன் பதிவாளர் காரியாலயத்துக்கு அனுப்பினால் காரியம் நடக்கும். அதே கட்டடத்தில் துடைப்பம் பிடிக்கிறவரும் வாசலில் நிற்கிறவரும் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்ல, காண்ட்ராக்டரின் ஊழியர். அவருக்கு நம்முடைய 1955-ஆம் ஆண்டுச் சட்டம்தான். காண்ட்ராக்ட் முடிந்து வேறு கம்பெனி வந்தால் என்ன ஆகிறது? அதே கட்டடம், அதே படிக்கட்டு, அதே ஆள். முதலாளி மட்டும் புதியவர். "அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம்" என்ற கணக்கு மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்குகிறது. பத்து வருஷம் ஒரே மாடியைக் கூட்டியவருக்குப் பிள்ளை பிறக்கிற மாதத்தில், "நீ வேலைக்குப் புதுசு" என்ற பதில் கிடைக்கிறது. தாய்க்கும் அந்த 90 நாள் கணக்கு இடிக்கும். ஆனால் மூன்று மாதத்தைத் தாண்டுவது பன்னிரண்டைத் தாண்டுவதைவிடச் சுலபம்.

இந்தத் திருத்தத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை ஏழு என்ற எண்ணல்ல. 'அதே முதலாளி' என்ற இந்த இரண்டு சொற்கள்தான். தோட்டத்திலும் காண்ட்ராக்ட் ஆள் வைக்கிற பழக்கம் இருப்பதால் இது நம் வாசலுக்கும் வருகிற வியாதி. காண்ட்ராக்ட் மாறினாலும் வேலை தொடர்ந்தால் சேவைக் காலமும் தொடரவேண்டும் என்று எழுதி வாங்கவேண்டும்.

வெளிநாட்டைப் பார்த்தால் நமக்குப் பெருமைப்படவும் இடமுண்டு, வெட்கப்படவும் இடமுண்டு. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் ஆலை, சுரங்கம் இரண்டோடு தோட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2017-இல் லீவை 26 வாரமாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் தன் பெண் ஊழியருக்கு 2021-இல் ஒரு வருஷமாக்கியது. ஆனால் அங்கே தனியார் வேலையிலுள்ள தகப்பனுக்குப் பொதுச் சட்டத்தில் ஒரு நாளும் கிடையாது. சிங்கப்பூரில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தகப்பனுக்கு நான்கு வாரம். அந்தச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. நம் சட்டத்தில் 98 நாளுக்கும் ஏழு நாளுக்கும் பணம் கொடுக்கவேண்டியவர் முதலாளி. அதனால்தான் சில இடங்களில் இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார்கள். இதற்கு ஒரு பொது நிதி வேண்டும் என்று சங்கங்கள் கேட்பது நியாயம்.

கர்ப்பமாக இருக்கிறாள் என்று வேலையை விட்டு நீக்கினால் என்ன செய்வது என்று சென்ற கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். கர்ப்பமாக இருக்கும்போதோ கர்ப்பத்தால் வந்த நோயின்போதோ வேலைநீக்கம் செய்வது புதிய திருத்தப்படி குற்றம். ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், கம்பெனியை மூடிவிடுவது ஆகியவை மட்டும் விலக்கு. கர்ப்பம் காரணமல்ல என்று நிரூபிக்கவேண்டிய பாரம் முதலாளியின் தலையில். அந்த அம்மாளின் தலையில் அல்ல. மீண்டும் வேலை வேண்டும் என்று கேட்பதானால், 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்படி நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுக் கொடுத்தாகவேண்டும். அறுபத்தோராம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். அலவன்ஸ் வராத புகாரைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோகலாம். எந்தப் புகாரானாலும் முதலில் நம் கிளைக்கு வாருங்கள். காகிதங்களை ஒழுங்குபடுத்தி உடன் வருகிறோம்.

நோட்டீஸ் மாதிரி மலாயிலும் தமிழிலும் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். பெயர், செக்ரோல் நம்பர், குறித்த தேதி, லீவு தொடங்கும் நாள், கையெழுத்து, அவ்வளவுதான். கிளினிக்கில் கொடுக்கிற தாய்மார் பரிசோதனைப் புத்தகத்தில் குறித்த தேதி இருக்கும் பக்கத்தை நகலெடுத்து அதோடு சேருங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை போட மறுக்கிற காரியாலயம் இருந்தால் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டு, அதை அழித்துவிடாமல் வையுங்கள். கல்யாணம் பதிவாகாதவர்கள் இன்றே செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். அடுத்த வாரம் சேர்ந்து பதிவு இலாகாவுக்குப் போவோம். கேள்வி உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். பின்வரிசையில் நிற்கிற அண்ணன் கையைத் தூக்குகிறார், அவரே தொடங்கட்டும்.